உயரம் கேட்டு வந்த வாகனம்

வாகனத்தை உயர்த்தித் தாருங்கள் என்று கேட்டுக்கொண்டு வருகிறவர்களை இனி நீங்கள் நிறையப் பார்ப்பீர்கள். கைத்தொலைபேசியில் ஒரு காணொளியைக் காட்டுவார்கள். ஏதோ ஒரு நாட்டில், நெஞ்சளவு உயரச் சில்லுப் பூட்டிய வாகனம் ஆற்றைக் கிழித்துக்கொண்டு போகும். "இதைப்போல வேணும்" என்பார்கள். அவர்களைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். ஆசை இருப்பதால்தான் ஒருவர் பழைய வாகனத்தை இன்னும் வைத்திருக்கிறார். ஆசை இல்லாதவர் எப்போதோ விற்றிருப்பார்.

வேலணையில் இந்தக் கராஜைத் தம்பியும் நானும் சேர்ந்துதான் தொடங்கினோம். எஞ்சினும் கியர்ப்பெட்டியும் அவன் பக்கம். சேசிஸ், ஸ்பிரிங், பிறேக், வெல்டிங் என்று அடிப்பாகம் முழுவதும் என் பக்கம். ஒரு பெண் வாகனத்துக்கு அடியில் படுத்துக் கிடப்பதைப் பார்க்கவே முதலில் ஆட்கள் வந்து நின்றார்கள். பிறகு அவர்களுக்கும் அலுத்துவிட்டது. இப்போது என் மணிக்கட்டுகள் ஸ்பானரைப் பிடிக்க விடுவதில்லை. அதனால் ஒதுங்கிக்கொண்டேன்.

வேலை பழக வந்திருக்கிற உங்களுக்கு, எந்த நட்டை எவ்வளவு இறுக்குவது என்பதைத் தம்பி சொல்லித் தருவான். நான் சொல்ல நினைப்பது வேறு. வாகனத்துக்குப் பக்கத்தில் நிற்கிற மனிதர் அவசரப்படுகிறார், அந்த அவசரம் உங்களுக்கும் தொற்றிக்கொள்கிறது. அப்போது என்ன செய்வது? அதை விதியாக எழுதித்தர எனக்குத் தெரியாது. நடந்த ஒன்றைச் சொல்லத் தெரியும்.

மரியதாஸ் நெடுந்தீவுக்காரர். நாலு சில்லும் இழுக்கிற பழைய யப்பான் டீசல் வாகனம் ஒன்று வைத்திருக்கிறார். காலையில் இறங்குதுறையில் வந்து இறங்கும் ஆசிரியர்களைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப் போவார். பிறகு கடைகளுக்குச் சாமான். தீவைப் பார்க்க வருகிறவர்கள் இருந்தால் அவர்களையும் சுற்றிக் காட்டுவார். ஞாயிற்றுக்கிழமைகளில் நடக்க மாட்டாத முதியவர்களைப் பூசைக்குக் கொண்டுபோய் விடுவார். இவ்வளவுக்கும் நடுவில் தீவின் மேற்குப் பக்கத்துக்கும் ஒருமுறை போய் வருவார். அங்கே மரமில்லாத பெரிய புல்வெளி ஒன்று இருக்கிறது. தரவை என்று சொல்வார்கள். அதற்கு அப்பால்தான் அவருடைய மாட்டுப்பட்டி. அந்தப் பட்டியைப் பார்ப்பவர் அவருடைய அக்கா திரேசா.

அந்த வருடம் மாரி தொடங்குவதற்கு முன், வாகனத்தை மிதவைப்படகில் ஏற்றிக் கடல் தாண்டிக் கொண்டுவந்து எங்கள் வாசலில் நிறுத்தினார். புதுப் பெயின்ற் அடித்து மினுங்கியது. கூரையில் வரிசையாக விளக்குகள். அவற்றுக்குப் பின்னால் நான்கு பெரிய புதிய ரயர்களைக் கயிற்றால் கட்டியிருந்தார்.

"அக்கா, உயரம் வேணும்," என்றார் இறங்கும்போதே. "தரவையிலை தண்ணி ஏறினால் இந்த வாகனம் புதையுது. மாடு அங்காலை, நான் இங்காலை. இந்த ரயரைப் பூட்டிற அளவுக்கு உயர்த்தித் தாருங்கோ. மழைக்கு முன்னம் வேணும்."

"முதல்லை அடியைப் பாப்பம்," என்றேன்.

"அடி நல்லாத்தான் இருக்கு. பெயின்ற் அடிச்சனான்."

பெயின்ற் நன்றாகத்தான் இருந்தது. நான் அடியில் படுத்துக்கொண்டு சேசிஸைச் சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனேன். நல்ல இரும்பு கணீரென்று சத்தம் தரும். பின் ஸ்பிரிங் வந்து பிடிக்கிற இடத்துக்குக் கிட்டப் போனதும் சத்தம் மாறியது. காய்ந்த மட்டையைத் தட்டுவது போன்ற சத்தம். இன்னும் கொஞ்சம் பலமாகத் தட்டினேன். சுத்தியல் உள்ளே போய்விட்டது. கறள், அதாவது துரு, என் முகத்தில் கொட்டியது.

கடற்கரை வாகனம் வெளியில் இருந்து அழுகுவதில்லை. உப்புத் தண்ணீர் சேசிஸின் குழாய்க்குள் புகுந்து, அங்கேயே தங்கி, உள்ளிருந்து தின்னும். வெளியே தெரியும்போது மிச்சம் இருப்பது பெயின்ற் மட்டும்தான்.

இன்னொன்றும் கண்டேன். இந்த வகை வாகனத்தில் முன் சில்லுகளின் நடுவில் ஒரு பூட்டு உண்டு. இரண்டு பக்கமும் கையால் திருப்பிப் பூட்டினால்தான் முன் சில்லுகள் இழுக்கும். இடது பக்கத்துப் பூட்டு கறள் பிடித்து இறுகிக் கிடந்தது. மேலே குமிழ் திரும்பியது, உள்ளே ஒன்றும் அசையவில்லை. மரியதாஸ் கன காலமாகத் தன்னுடைய வாகனத்தில் நாலு சில்லும் இழுக்கிறது என்று நம்பி, பின் சில்லு இரண்டோடு மட்டும் தரவையில் ஓடித் திரிந்திருக்கிறார்.

இதைச் சொன்னபோது அவர் முகம் சுருங்கிப் போனது.

"பூட்டைத் திருத்துங்கோ. ஓட்டைக்கு மேலை ஒரு தகட்டை வைச்சு ஒட்டுங்கோ. ரயரைப் பூட்டித் தாருங்கோ. மிச்சத்தை வாற வருசம் பாப்பம்."

"அழுகின இரும்பிலை தகடு ஒட்டினால் பிடிக்காது. உயர்த்தி, பாரமான ரயரும் பூட்டினால் அந்த இடத்துக்குத்தான் முழு அடியும் போகும். உங்கடை கல்லு றோட்டிலை பின் அச்சு கழண்டு வரும். உள்ளை ஆசிரியர்மார் இருப்பினம்."

"நான் உயரம் கேட்டு வந்தனான். நீங்கள் என்ரை வாகனத்தை ஓட்டையாக்கிப்போட்டு நிக்கிறியள்."

தம்பி என்னைக் கராஜுக்குப் பின்னால் வீட்டுக் குசினிப் பக்கம் கூட்டிக்கொண்டு போனான். "அக்கா, அந்த மனிசன் கடல் தாண்டி வந்திருக்கிறார். கேட்டதைச் செய்து குடுப்பம். பழுதை நாங்கள் சொல்லிப்போட்டம். இனி அது அவரின்ரை பொறுப்பு."

தம்பி கெட்டவன் அல்ல. அவன் சொன்னதில் நியாயமும் இருந்தது. வாகனம் அவருடையது, உழைப்பு அவருடையது, மாரி வாசலில் நின்றது. ஆனால் அந்த ரயர்களை நான் பூட்டினால் அந்தத் தீவின் றோட்டில் ஓடப்போவது என் கைவேலை. சொல்லிவிட்டோம் என்ற வார்த்தை அச்சைத் தாங்கிப் பிடிக்காது.

"என்னாலை ஏலாது," என்று மரியதாஸிடம் சொன்னேன். "வேணுமெண்டால் வேறை கராஜுக்குக் கொண்டுபோம். நான் கோவிக்க மாட்டன். ஆனால் ஆறுதலா, மெதுவா ஓடும்."

அவர் ஏறி யாழ்ப்பாணப் பக்கம் ஓட்டிப் போனார். ரயர்கள் கூரையில் ஆடிக்கொண்டு போனதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அன்று மத்தியானம் தம்பி தனியாகச் சாப்பிட்டான்.

பின்னேரம் அந்த வாகனம் திரும்பி வந்தது. மரியதாஸின் சட்டை முதுகெல்லாம் மண்.

"மண்டைதீவுச் சந்தியிலை நிப்பாட்டி நானே கீழை படுத்துப் பாத்தனான்," என்றார். "விரல் உள்ளை போகுதக்கா. முழு விரலும் போகுது." பிறகு கேட்டார், "மழைக்கு முன்னம் ஏலுமோ?"

"பாப்பம்," என்றேன்.

அதற்குப் பிறகு நடந்த வேலையை நான் விவரிக்கப் போவதில்லை. நீங்களே ஒருநாள் செய்வீர்கள். அழுகிய பகுதியை வெட்டி எடுத்துப் புதிய இரும்பு வைத்தோம். தண்ணீர் உள்ளே தங்காமல் வழிய வழி செய்தோம். பிறேக்கை முழுவதும் மாற்றினோம். முன் பூட்டைக் கழற்றி உயிர் கொடுத்தோம். அச்சுகளுக்கு மூச்சுக்குழாய் ஒன்று உண்டு. தண்ணீருக்குள் இறங்கும்போது சூடான அச்சு அந்தக் குழாயால் தண்ணீரை உள்ளே உறிஞ்சிவிடும். அதன் வாயை மேலே கொண்டுபோய்க் கட்டினோம். உயரமும் கொடுத்தேன், ஆனால் கொஞ்சமாக. பெரிய ரயர்கள் வளைவில் ஸ்பிரிங்கில் உராய்ந்தன. அவற்றுக்குப் பதிலாக ஒரு அளவு சின்னதாகப் பூட்டினோம். மரியதாஸ் பாதி நாள் எங்களோடு நின்று கறள் சுரண்டினார். கடைசியில் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "வந்தமாதிரியேதானே நிக்குது" என்றார். கொஞ்சம் கவலையோடுதான் சொன்னார். நல்ல வேலை பல நேரம் வெளியில் தெரியாது. அந்தக் கவலையை நீங்களும் பார்ப்பீர்கள். தாங்கிக்கொள்ளுங்கள்.

வாகனத்தை நெடுந்தீவுக் கல்லில் ஓட்டிப் பார்க்காமல் கையளிக்க எனக்கு மனமில்லை. அதனால் நானும் கூடப் போனேன். மறுநாள் முதல் படகில் திரும்புவதாக எண்ணம். அன்று பின்னேரமே வானம் கறுத்தது. இரவு முழுவதும் மழை ஊற்றியது. விடிந்தபோது கடல் படகு விடுகிற நிலையில் இல்லை. நான் மரியதாஸ் வீட்டில் தேத்தண்ணியோடு மாட்டிக்கொண்டேன்.

அவர் தேத்தண்ணியைத் தொடவில்லை. கைத்தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு விறாந்தையில் நடந்துகொண்டிருந்தார்.

"திரேசாக்கா பட்டியிலைதான் நிக்கிறா," என்றார். "மாடு ஒண்டு கண்டுக்குட்டி போடுற நிலையிலை எண்டு முந்தநாள் போனவ. அங்கை ஒரு கொட்டில் இருக்கு. விடிய ஒருதரம் போன் எடுத்தவ. கல்லு விழுந்தது எண்டு ஏதோ சொன்னா, அதோடை நிண்டுபோச்சு. இப்ப போன் வேலை செய்யேல்லை."

நான் எழுந்து வாகனத்தில் ஏறினேன். அதன் பிறேக்கும் ஸ்ரியறிங்கும் என் கைக்குத்தான் அப்போது பழகியிருந்தன. அதனால் நான்தான் ஓட்டினேன். அவர் பக்கத்தில் இருந்தார். முருகைக்கல் வேலிகளுக்கு நடுவில் தண்ணீர் வாய்க்கால் போல ஓடியது. குதிரைகள் சில ஒரு பாழடைந்த சுவரோடு ஒட்டி நின்று எங்களைப் பார்த்தன. வேலிகள் முடிந்து தரவை தொடங்குகிற இடத்தில் நான் பிறேக்கை மிதித்தேன்.

தரவை இல்லை. கண்ணுக்கு எட்டிய தூரம் மட்டும் ஒரே தண்ணீர். காற்று அதன்மேல் சின்னச் சின்ன அலை எழுப்பியது. அப்பால், வெகு தூரத்தில், கறுப்பாக ஒரு மேடு தெரிந்தது.

"அதுதான் பட்டி," என்றார் மரியதாஸ். "நேரை விடுங்கோ. தண்ணி முழங்கால் மட்டுத்தான் இருக்கும். இப்ப நாலு சில்லும் இழுக்குதுதானே."

இழுக்கும். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. முழங்கால் அளவு தண்ணீரை அந்த வாகனம் தாண்டும். தாண்டுவதற்காகத்தான் அவ்வளவு வேலையும் செய்தோம். என் கால் கிளச்சில் இருந்தது. அப்போது வேறொன்று நினைவுக்கு வந்தது. முதல்நாள் வெயிலில் இதே விளிம்பில் வந்து நின்றபோது புல்லுக்கு நடுவே மாடுகள் தண்ணீர் குடிக்கிற குழிகளைக் கண்டிருந்தேன். கட்டு இல்லாத, நிலமட்டத்தில் வாய் திறந்த கிணறுகள். துரவு என்பார்கள்.

"தரவையிலை எத்தினை துரவு இருக்கு?" என்று கேட்டேன்.

"கன துரவு இருக்கு. எல்லாம் எனக்குத் தெரியும். சின்னனிலை இருந்து ஓடித் திரிஞ்ச இடம்."

"இப்ப எங்கையெண்டு காட்டும்."

அவர் கையை நீட்டினார். விரல் ஒரு இடத்தைக் காட்டியது, பிறகு இன்னொரு இடத்துக்கு நகர்ந்தது, பிறகு நின்றது. வெயிலில் அவருக்கு அடையாளம் காட்டிய புல்மேடும் மாட்டுத்தடமும் எல்லாம் தண்ணீருக்குக் கீழே இருந்தன.

"இந்த நேர்கோட்டிலை ஒண்டுமில்லை," என்றார். "துரவெல்லாம் வலப்பக்கம். அக்கா, அவ அங்கை தனிய நிக்கிறா. என்ன நடந்ததெண்டு தெரியாது. விடுங்கோ. இல்லாட்டி இறங்குங்கோ, நான் வாகனத்தை ஓடுறன்."

அவர் கத்தவில்லை. மெதுவாகத்தான் சொன்னார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. வாகனம் அவருடையது. அங்கே நிற்பது அவருடைய அக்கா. நான் வெளியாள். சாவியை எடுத்துக் கைக்குள் வைத்துக்கொண்டேன். நான் தாமதிக்கிற ஒவ்வொரு நிமிடமும் அங்கே ஒரு பெண்ணின் உயிருக்குப் பாதகமாக இருக்கலாம். அதை அறியாமல் நான் நிற்கவில்லை.

"ஒண்டு செய்வம்," என்றேன். "பின்னாலை வள்ளம் தள்ளுற நீட்டுத் தடி கிடக்கு. நீர் அதாலை குத்திப் பாத்துக்கொண்டு முன்னாலை நடவும். நான் உமக்குப் பின்னாலை ஊர்ந்து வாறன். நிலம் இருந்தால் நேரை போவம். நான் மறிக்க மாட்டன்."

அவர் தடியை எடுத்துக்கொண்டு இறங்கினார். நான் அவர் இடுப்பில் வாகனத்தில் கிடந்த கயிறு ஒன்றைக் கட்டி மறுமுனையை முன் கொக்கியில் மாட்டினேன். அவர் எரிச்சலோடு கையைத் தட்டிவிடப் பார்த்தார். பிறகு விட்டுவிட்டார். குத்தினார், நடந்தார். குத்தினார், நடந்தார். முழங்காலுக்கும் குறைந்த தண்ணீர். நான் சாவியைப் போட்டு எஞ்சினைத் திருப்பி அவருக்குப் பின்னால் சில்லை உருட்டினேன். அவர் சொன்னதுதான் சரி போலிருக்கிறது என்று நினைத்தேன். அப்படி நினைத்தபோது உண்மையில் சந்தோசப்பட்டேன்.

அவர் மறுபடி குத்தினார். தடி இறங்கியது. இறங்கிக்கொண்டே போனது. அவருடைய கை தண்ணீரைத் தொடும்வரை போனது. அடி கிடைக்கவில்லை.

அவர் அப்படியே நின்றார். துரவு அவருடைய பாதத்துக்கு ஒரு எட்டுத் தள்ளி இருந்தது. எங்கள் நேர்கோட்டுக்கு நடுவில் இருந்தது. தடியை மெதுவாக உருவினார். திரும்பி வந்து கொக்கியில் இருந்து கயிற்றைக் கழற்றிக்கொண்டு வாகனத்தில் ஏறிக் கதவைச் சாத்தினார்.

"கரையாலை போவம்," என்றார்.

தென்கரையோரம் முருகைக்கல் மேடு ஒன்று உண்டு. சுற்று வழி. கூரான கல். அதனால் யாரும் அவ்வழி வாகனம் விடுவதில்லை. அங்கே என்ன கெடும் என்று எனக்குத் தெரியும்: ரயர் கெடும், ஸ்பிரிங் கெடும். இரண்டையும் மாற்றலாம். தெரிந்த கெடுதலையும் தெரியாத கெடுதலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற அந்த ஒரு நிமிடத்தை மட்டும் யாரும் உங்களிடமிருந்து பறிக்க விடாதீர்கள். எத்தனையோ வாகனங்கள் அந்த நிமிடம் இல்லாமல்தான் போனவை.

ரயர்களில் காற்றைப் பாதிக்கு இறக்கினேன். மென்மையான ரயர் கல்லைக் கவ்விப் பிடிக்கும், கிழியாமல் மடிந்து கொடுக்கும். முன் பூட்டு இரண்டையும் மரியதாஸே இறங்கித் திருப்பினார். மிகக் குறைந்த கியரில், ஆள் நடக்கிற வேகத்தில் போனோம். கடல் இடப்பக்கம் அறைந்துகொண்டிருந்தது. உப்புத் தண்ணீர் கண்ணாடியில் தெறித்தது.

ஒரு இடத்தில் பின்பக்கம் தூக்கி அடித்து, இரும்பு முறிகிற சத்தம் கேட்டது. நான் வெட்டி ஒட்டிய இடம் அதுதான். இறங்கி ஈரக் கல்லில் படுத்து அடியைப் பார்த்தேன். ஒட்டு அப்படியே இருந்தது. சைலன்சரைப் பிடிக்கிற கம்பி அறுந்திருந்தது. மரியதாஸ் தன் இடுப்புக் கயிற்றை அவிழ்த்துத் துண்டு வெட்டித் தந்தார். கட்டிவிட்டு ஏறினோம்.

கடைசித் திருப்பத்தில் கடல் ஒதுக்கிய சாதாளைப் பாசி குவியலாகக் கிடந்தது. அதற்குள் பின் சில்லு புதைந்தது. அவர் அவசரத்தில் எஞ்சினை முறுக்கச் சொன்னார். முறுக்கினால் இன்னும் ஆழமாகத் தோண்டும். இருவரும் கையால் சாதாளையை வாரி எறிந்து, பனைமட்டைகளைப் பொறுக்கிச் சில்லுக்கு அடியில் செருகினோம். முன் சில்லு இரண்டும் கல்லைப் பிடித்தன. வாகனம் ஒருதரம் முனகிவிட்டு மேலே ஏறியது. மரியதாஸ் சிரித்தார். அன்று முதல்தடவை.

பட்டியை ஒட்டிய மேட்டில் மாடுகள் நெருக்கியடித்து நின்றன. கல்வேலி ஒரு இடத்தில் உடைந்து கிடந்தது. அந்த உடைந்த வேலிக்கு மேல் திரேசா இருந்தார். இடது காலை நீட்டி வைத்திருந்தார். மடியில் ஒரு சாக்கு. சாக்குக்குள் புதுக் கன்று.

எங்களைக் கண்டதும் அவர் அழவில்லை. ஏசினார்.

"இவ்வளவு நேரமும் எங்கையடா நிண்டனீ? கண்டு நடுங்குது. முதல்லை இதைப் பிடி."

மேட்டின் அடியில் இருந்த பட்டிக்குள் தண்ணீர் ஏறியபோது மாடுகள் வேலிக்குள் அகப்பட்டிருக்கின்றன. வாசல் இருந்த பக்கம்தான் தண்ணீர் அதிகம். திரேசா மேட்டுப்பக்க வேலியைக் கையாலேயே பிரித்து மாடுகளை மேலே ஏற்றியிருக்கிறார். கடைசி மாடு தாண்டும்போது ஒரு கல் உருண்டு காலில் விழுந்திருக்கிறது. கால் வீங்கி நீலமாக இருந்தது.

பனைமட்டையை அணை வைத்து, என் சால்வையால் கட்டினோம். கன்றைப் பின்னால் படுக்கவைத்தோம். தாய்ப்பசு வாகனத்துக்குப் பின்னால் தானாகவே நடந்து வந்தது. மற்ற மாடுகள் மேட்டில் நிற்கட்டும், அங்கே பயமில்லை என்று திரேசாவே சொன்னார். வந்த வழியே திரும்பினோம். பசு நடக்கிற வேகத்துக்கு மேல் நான் ஓட்டவில்லை. ஓட்டவும் முடியாது.

வழியில் மரியதாஸ் சொன்னார். "அக்கா, நான் நேரை வரப் பாத்தனான். இவதான் மறிச்சவ. எனக்கு எல்லாத் துரவும் தெரியுமெண்டு நிண்டனான்."

திரேசா தன் தம்பியைப் பார்த்தார். "நேரை வந்திருந்தால் இந்தக் காலோடை நான்தான் உங்களைத் தேடி வந்திருப்பன்," என்றார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு சீற்றில் சாய்ந்தார். வலி அப்போதுதான் அவருக்கு வந்திருக்க வேண்டும். தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டார். தீவு ஆஸ்பத்திரி வாசல் வரும்வரைக்கும் விடவில்லை.

கடல் அடங்கியதும் அவரைப் படகில் யாழ்ப்பாணம் கொண்டுவந்தார்கள். எலும்பு பொருந்தியது. ஆனால் கால் முழுதாக மடங்க மறுத்துவிட்டது. தரவையைத் தாண்டி நடப்பது இனி இயலாது என்று சொல்லிவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் பார்க்கப் போனபோது அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

"மாட்டை வித்துப்போடு எண்டு தாஸ் சொல்லுறான்," என்றார். "அவன் சொல்லிறது சரிதான். நடக்க ஏலாதவளுக்கு என்னத்துக்குப் பட்டி?"

வாயில் வந்ததைக் கேட்டேன்.

"வாகனம் ஓடத் தெரியுமோ?"

அவர் திரும்பிப் பார்த்தார். "விசர்க்கதை கதைக்காதையும்."

ஆனால் சுவர்ப்பக்கம் மறுபடி திரும்பவில்லை.

கோடை வந்ததும் இரண்டு காரியம் நடந்தது. மரியதாஸும் அந்தப் பக்கத்து மாட்டுக்காரர்களும் சேர்ந்து தரவையில் இருந்த துரவுகள் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் உயரமான பனங்கம்பு நட்டார்கள். கம்பின் தலையில் வெள்ளை அடித்தார்கள். எந்த மாரிக்கும் அந்தத் தலை தண்ணீருக்கு மேலே நிற்கும். இப்போது மற்ற வாகனக்காரர்களும் அதைப் பார்த்துத்தான் ஓடுகிறார்கள்.

மற்றக் காரியத்துக்காக வாகனம் மறுபடி எங்கள் கராஜுக்கு வந்தது. இந்தத் தடவை மரியதாஸோடு திரேசாவும் வந்திருந்தார். கோடை முழுவதும் காய்ந்த தரவையில் மரியதாஸ் அவருக்கு ஓட்டப் பழக்கியிருக்கிறார். எல்லாம் சரி, கிளச்சை மிதிக்க மட்டும் இடது கால் எட்டவில்லை. நான் அவரைச் சீற்றில் இருக்கவைத்து, கால் எவ்வளவு மடிகிறது, எங்கே நிற்கிறது என்று பார்த்தேன். கிளச் பெடலை வெட்டி நீட்டி, அகலமான ஒரு தகட்டை ஒட்டினேன். பெடல் பாரத்தைக் குறைக்க என் தம்பி ஒரு வழி கண்டுபிடித்தான். திரேசா காலை வைத்து அழுத்தினார். பெடல் கீழே போனது. மறுபடி அழுத்தினார். மறுபடியும்.

"போகுது," என்றார்.

நான் வாகனங்களில் எத்தனையோ மாற்றிப் பூட்டியிருக்கிறேன். செய்ததிலேயே சிறந்தது எது என்று கேட்டால் அந்த அரைமணி நேர வேலையைத்தான் சொல்வேன். யாருக்காகச் செய்கிறோம் என்பது அவ்வளவு தெளிவாக எனக்கு வேறு எப்போதும் தெரிந்ததில்லை.

அடுத்த மாரியில் ஒரு காலை, வீட்டில் இருந்தபோது அழைப்பு வந்தது. மழைச் சத்தத்துக்கு நடுவில் திரேசாவின் குரல்.

"அக்கா, தரவைக்குள்ளை தண்ணியிலை நிக்கிறன்."

நான் கதிரையை விட்டு எழுந்துவிட்டேன். "என்ன நடந்தது? புதைஞ்சுபோச்சோ?"

"ஒண்டும் நடக்கேல்லை. இந்தக் கம்பு மட்டும் வந்தனான். மழைப் புகார் மூட்டத்திலை அடுத்த கம்பு தெரியேல்லை. அதுதான் நிண்டிட்டன். தெரியாமல் போகக் கூடாதெல்லே. ஒரு விசயம் கேக்கத்தான் எடுத்தனான். நிக்கேக்கை எஞ்சினை நிப்பாட்டவோ, ஓட விடவோ?"

"தண்ணி எவ்வளவு?"

"அரைச் சில்லுக்குக் குறைய."

"ஓட விடுங்கோ. நிப்பாட்டினால் சைலன்சருக்குள்ளை தண்ணி ஏறும்."

"சரி," என்றார். "மழை விடட்டும். மாடு எங்கை போகப்போகுது."

அழைப்பை அவர் துண்டிக்கவில்லை. நானும் துண்டிக்கவில்லை. கூரையில் மழை விழுகிற சத்தமும், அதற்குக் கீழே அந்தப் பழைய எஞ்சின் ஒரே சீராக ஓடுகிற சத்தமும் கேட்டுக்கொண்டிருந்தன. கனநேரத்துக்குப் பிறகு, "ஆ, தெரியுது" என்றார் திரேசா. கியர் விழுகிற சத்தம் கேட்டது.